டிரான்ஸ்மிட்டரைப் பெரிசாக்கினா தூரம் கூடுமா?

சின்னதா ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "நன்கொடையா கொஞ்சம் பணம் வந்திருக்குங்க. 50 வாட் டிரான்ஸ்மிட்டரை எடுத்துட்டு 100 வாட் போட்டா ரெண்டு மடங்கு தூரம் போகுமில்லைங்க?"

போகாது. 8 கி.மீ. கேட்கிற நிலையம் ஒன்பதரை கி.மீ. கேட்கும், அவ்வளவுதான். அது ஏன், அந்தப் பணத்தை வேறெதில் போடலாம் என்று அவருக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் சட்டம். சமுதாய வானொலி வழிகாட்டு நெறிகளின்படி ஒரு நிலையத்தின் ஈ.ஆர்.பி. 100 வாட்டைத் தாண்டக் கூடாது. தேவையை நிரூபித்தால் 250 வாட் வரை அனுமதி கிடைக்கலாம், அது விதிவிலக்கு. ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கல்வி நிறுவனம் என்றால் டவர் அவர்களுடைய முதன்மை வளாகத்துக்குள்தான். மருதமலை மேல கொண்டுபோய் வைக்கலாமே என்கிற ஆசைக்கு அங்கேயே கதவு சாத்தியாச்சு.

ஈ.ஆர்.பி. என்பது டிரான்ஸ்மிட்டர் பெட்டியின் மேல் எழுதியிருக்கிற வாட் கிடையாது. பெட்டியில் இருந்து வரும் திறனில் கேபிள் தின்பது போக, மிச்சத்தை ஆன்டெனா பக்கவாட்டில் குவித்துக் கொடுக்கிற அளவு. இரண்டு டைபோலை மேலும் கீழுமாக அடுக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைக்கும். ஆக, நல்ல கேபிளோடு ஒரு 50 வாட் பெட்டியே 100 வாட் எல்லையை நெருங்கிவிடும். 100 வாட் பெட்டியை அதே ஆன்டெனாவில் முழுசா ஓட்டினால் உரிமத்துக்கே சிக்கல்.

இப்போது தூரம். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகும் என்று படித்திருப்போம். வானொலி அலைக்கான தொடுவானம், ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கி.மீ.-இல் கிடைக்கும். 30 மீட்டர் டவருக்கு 22 கி.மீ.க்கு மேல் வருகிறது. அப்புறம் ஏன் 10 கி.மீ.யிலேயே இரைச்சல் வருது?

தரைதான் காரணம். ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையோடு தரையில் பட்டுத் தெறித்த அலையும் ரேடியோவுக்கு வருகிறது. தூரம் போகப் போக இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதை நீளத்தில் வந்தாலும், தெறித்தது தலைகீழாகத் திரும்பியிருப்பதால் ஒன்றையொன்று அழிக்கப் பார்க்கும். வெட்டவெளியில் அலையின் புலவலிமை தூரத்துக்கு ஏற்பக் குறையும். தரைக்கு மேலே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வாட் கணக்கில் பார்த்தால் தூரத்தின் நான்காம் அடுக்கு. 2-இன் நான்காம் மூலம் 1.19. வாட்டை இரட்டிப்பாக்கினால் 19 சதவீதம்தான் தூரம் கூடும் என்பது இதனால்தான்.

ஆனால் இதே சமன்பாட்டில் ஆன்டெனாவின் உயரம் நேரடியாகப் பெருக்கலில் உட்கார்ந்திருக்கிறது. உயரத்தை இரட்டிப்பாக்குவது வாட்டை நான்கு மடங்காக்குவதற்குச் சமம். கோடைக்கானல் பண்பலை 100.5-ஐப் பாருங்கள். நம்ம கோவை ரெயின்போ 103-க்கும் அதற்கும் ஒரே 10 கிலோவாட்தான். ஆனால் அது கிட்டத்தட்ட 2100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரை, தேனி, திண்டுக்கல் என்று எல்லாப் பக்கமும் பாடுகிறது.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், நகர்ப்புறத்தில் 10 மீட்டர் உயரத்தில் வைத்த ஆன்டெனாவுக்கு மோனோ என்றால் 60, ஸ்டீரியோ என்றால் 66 டெசிபல் (மீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் அடிப்படையில்) வேண்டும் என்கிறது. 100 வாட் ஈ.ஆர்.பி., 30 மீட்டர் டவர் என்று சமதளக் கணக்குப் போட்டேன். மோனோவுக்கு 9.7 கி.மீ. வந்தது, ஸ்டீரியோவுக்கு 6.9 கி.மீ. தான். பி.எஸ்.ஜி.யின் சமுதாய வானொலி இருக்கிற பீளமேட்டிலிருந்து எங்க உக்கடம் நேர்கோட்டில் சுமார் 6 கி.மீ. அந்த மாதிரித் தூரத்தில் மொட்டை மாடிக்குப் பரவாயில்லை. வீட்டுக்குள் கையில் போனை வைத்துக் கேட்பவருக்கு உயரம் ஒன்றரை மீட்டர்தான். இந்தக் கணக்கிலேயே 16 டெசிபல் போய்விடும், சுவர் தின்பது தனி.

அதனால் அந்த 6 டெசிபலை விடவே கூடாது. ஸ்டீரியோவில் இடது-வலது வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறி வருகிறது. எஃப்.எம்.மில் அதிர்வெண் ஏற ஏற இரைச்சலும் ஏறும் என்பதால் முதலில் கெட்டுப்போவது அந்தப் பகுதிதான். பேச்சு, விவசாயக் குறிப்பு, உள்ளூர்ச் செய்தி என்று ஓட்டுகிற நிலையத்துக்கு ஸ்டீரியோ எதுக்குங்க? ஸ்டீரியோ என்கோடரை அணைத்தால் போதும், வாட்டை நான்கு மடங்காக்கின பலன், செலவு பூஜ்யம்.

அடுத்தது கேபிள். 40 மீட்டர் ஆர்ஜி-213 போட்டால் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 2.7 டெசிபல் போகும். 50 வாட் மேலே போய்ச் சேரும்போது 27 வாட். அரை அங்குல ஃபோம் கேபிள் என்றால் 41 வாட். நண்பரின் நிலையத்தில் இருப்பது முதல் வகை. வாங்கின திறனில் பாதி டவரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது!

எந்தப் பணமும் தீர்க்காத ஒன்றும் உண்டு. உக்கடம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நிற்கும்போது ரேடியோ கரகரக்கும், வண்டி ஓர் அடி இரண்டடி நகர்ந்ததும் தெளியும். கான்கிரீட்டிலும் கட்டடங்களிலும் தெறித்த அலைகள் ஓரிடத்தில் கூடி, பக்கத்திலேயே அழிகின்றன. அலைநீளம் 2.8 மீட்டர் என்பதால், ஒரு தெளிவான இடத்துக்கும் அடுத்ததுக்கும் 1.4 மீட்டர்கூட இருக்கலாம். பாலத்தின் மேல் ஏறினால் சுத்தமாகக் கேட்கும், அங்கே உயரத்தைக் கொடுப்பது நாம்.

நண்பரின் ஆன்டெனா மொட்டை மாடியையும் சேர்த்துத் தரையிலிருந்து 18 மீட்டர். 30-க்கு ஏற்றினால் 4.4 டெசிபல், அதாவது வாட்டை 2.8 மடங்காக்கியதற்குச் சமம். தூரம் 29 சதவீதம் கூடும். ஆனால் உயரத்தை மாற்ற சாக்ஃபா அனுமதி வாங்க வேண்டும், காத்திருக்கணும். மோனோவை இன்றைக்கே மாற்றலாம். கேபிளை மாற்றினாலும் அவருடைய ஈ.ஆர்.பி. 54-லிருந்து 82 வாட்டுக்குத்தான் போகும், எல்லைக்குள்தான். இந்த இரண்டையும் முதலில் செய்துவிட்டு, அதே ரேடியோவோடு அதே தெருக்களில் முன்னும் பின்னும் ஒரு சுற்று வந்து குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். மிச்சப் பணத்தில் இன்னொரு 50 வாட் பெட்டி வாங்கி மாற்றாக வைத்துக்கொள்ளட்டும். ஒலிபரப்பே நின்றுபோகிற நாளில் தூரம் பூஜ்யம்தானே.