ஒன்பதின்மர் கூடிய மேடை

கச்சேரி மேடையில் முதிர்ந்த வித்துவான் ஒருவர் தம்மினும் இளையவர்களை உடன் வைத்துக்கொண்டு வாசிப்பது நமக்குப் புதிதன்று. பெரியவர் ஓரிடத்தில் நிறுத்துவார், இளையவர் அவ்விடத்திலிருந்து எடுத்துச் செல்வார், சபை தலையசைக்கும். மேலைநாட்டு ஜாஸ்-ராக் இசையிலும் இத்தகைய கூட்டு உண்டு. ஆனால் அங்கே மின்கருவிகளும் டிரம்களும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துகொள்வதால், கூட்டு இசையாவதற்கும் கூச்சலாவதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. 2017 டிசம்பர் 8ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரின் வார்ஃபீல்ட் அரங்கில் நிகழ்ந்த ஒரு கச்சேரியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அன்றைய நாயகர் ஜான் மெக்லாக்லின் என்ற கிதார் வித்துவான். 1942இல் இங்கிலாந்தில் யார்க்ஷைர் வட்டாரத்து டான்காஸ்டரில் பிறந்தவர். அப்போது வயது 75. ஜிம்மி ஹெரிங் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞரும், ‘இன்விசிபிள் விப்’ என்ற அவருடைய குழுவும் உடன் வந்திருந்தனர். மெக்லாக்லினின் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் ஹெரிங்.

ஜாஸ்-ராக் என்பது யாது? ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த செல்வம். ஒரு மெட்டை எல்லோருமாகச் சொல்லிவிட்டு, பின்னர் ஒவ்வொருவரும் அதன்மேல் தம் கற்பனையை விரிப்பர். நம் கல்பனாஸ்வரத்தை அறிந்தவர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். ராக் இசையோ மின்கிதாரின் முழக்கத்தையும் அழுத்தமான அடியையும் நம்புவது. இவ்விரண்டையும் இணைத்தவர்களில் எக்காளக் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் முதன்மையானவர். 1969இல் நியூயார்க் சென்ற மெக்லாக்லின், சில நாட்களிலேயே டேவிஸின் ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதாருடன் அமர்ந்திருந்தார். 1971இல் ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற தம் குழுவை நிறுவினார். மகாவிஷ்ணு என்பது ஸ்ரீ சின்மய் அவருக்குச் சூட்டிய பெயர்.

பில்லி காபம் டிரம், ஜெர்ரி குட்மன் வயலின், யான் ஹாமர் கீபோர்ட், ரிக் லேர்ட் பாஸ் கிதார். இந்த ஐவரும் வாசித்த வேகத்தையும் சிக்கலையும் கேட்டு அன்றைய ரசிகர்கள் திகைத்தனர். ஆயினும் உள்ளே மனத்தாங்கல் வளர்ந்தது. 1973 இறுதியில் அக்குழு கலைந்தது. பிறகு வேறு கலைஞர்கள் அப்பெயரில் வாசித்ததுண்டு.

அவ்விசையின் கடினம் அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. பெரும்பாலான ராக் பாடல்கள் நான்கெண்ணி நடப்பவை. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற உருப்படியோ பதினெட்டில் சுழல்கிறது. நம் நாட்டவர்க்கு இது அத்தனை வியப்பன்று. கண்ட சாபுவும் மிச்ர சாபுவும் நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்பவை. மெக்லாக்லினும் இங்கிருந்து கற்கத் தயங்கியவர் அல்லர். 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். எல். சங்கர், விக்கு விநாயகராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் அவர் வாசித்ததை நம் ரசிகர் பலர் அறிவர்.

2017ஆம் ஆண்டுப் பயணம் அமெரிக்க ரசிகர்களிடம் விடைபெறும் பயணமாகவே அறிவிக்கப்பட்டது. முதியவரின் கைகளில் மூட்டுவாதம் தோன்றியிருந்தது. விரலே மூலதனமான கலைஞருக்கு அது சிறிய செய்தியன்று. முப்பது வயதில் மின்னல்போல் வாசித்தவற்றை எழுபத்தைந்தில் மீண்டும் எடுப்பது தம் பழம்புகழோடு தாமே போட்டியிடுவதாகும். பெயரைக் காத்துக்கொள்ள விரும்புகிறவர் இதைத் தவிர்ப்பார். அவர் தவிர்க்கவில்லை.

கச்சேரி மூன்று பகுதிகளாக அமைந்தது. முதலில் ஹெரிங்கின் குழு வாசித்தது. அடுத்து மெக்லாக்லினின் ‘ஃபோர்த் டைமென்ஷன்’ குழு. இறுதியில் இரு குழுவினரும் ஒன்றுகூடி மகாவிஷ்ணு உருப்படிகளை வாசித்தனர். கேரி ஹஸ்பண்ட், எத்தியன் எம்பாப்பே, ரஞ்சித் பாரோட் ஆகியோர் மெக்லாக்லினுடன் வந்தவர்கள். கதக் மேதை சிதாரா தேவியின் மகனான பாரோட், டிரம் அடிப்பதோடு கொன்னக்கோலும் சொல்பவர். ஹெரிங்குடன் ஜேசன் கிராஸ்பி, மாட் ஸ்லோகம், கெவின் ஸ்காட், ஜெஃப் சைப். ஆக ஒன்பதின்மர்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மெக்லாக்லினின் நால்வர் குழுவில் வயலின் கிடையாது. பழைய உருப்படிகளோ வயலின் இன்றி நிறைவு பெறா. ஹெரிங்கின் குழுவில் கிராஸ்பி வயலின் வாசிப்பவர். எனவே இக்கூட்டை விருந்தினர் மரியாதை என்று மட்டும் கொள்ளலாகாது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொணர்ந்ததால் அவ்விசை மீண்டும் மேடையேற முடிந்தது.

இரண்டு டிரம், இரண்டு பாஸ் என்றால் இடர்ப்பாடும் உண்டு. இருவர் ஒரே அடியை ஒரே வேளையில் அடித்தால் ஓசை பெருகும், தெளிவு போகும். மிருதங்கத்தோடு கடமோ கஞ்சிராவோ சேரும்போது நம்மவர்கள் கொள்ளும் நிதானமே அங்கும் தேவைப்படுகிறது. ஒருவர் தாளத்தின் எலும்பைத் தாங்கவேண்டும். மற்றவர் அதன்மேல் அணி செய்யவேண்டும். ஓரிரண்டு இடங்களில் ஓசை சற்று மிகுந்தே ஒலிப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ வரும்போது மனம் அமைதி கொள்கிறது. 1971இல் கிதார், வயலின், பியானோ மூன்றை மட்டும் கொண்டு, டிரம் இன்றிப் பதிவான மென்மையான உருப்படி அது. பெருமுழக்கத்தின் நடுவே அதனை வைத்தது தேர்ந்த கச்சேரிக்காரரின் செயல்.

இந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு 2018இல் இசைத்தட்டாக வெளிவந்தது. விடைபெற்றவர் முற்றிலும் ஓய்ந்துவிடவும் இல்லை. 2023இல் ‘சக்தி’ குழுவுடன் மீண்டும் அமெரிக்க மேடைகளில் தோன்றினார்.

இசைத்தட்டு கிடைக்கப்பெறும் நேயர்கள் ‘தி டான்ஸ் ஆஃப் மாயா’ என்ற உருப்படியை முதலில் கேட்கலாம். தொடக்கத்தில் பத்தெண்ணும் வட்டம் ஒன்று மெல்லச் சுழலும். கையால் கண்ட சாபுவை இருமுறை போட்டுக்கொண்டே கேளுங்கள். நடுவில் முற்றிலும் வேறொரு நடை, இருபதெண்ணும் ப்ளூஸ் நடை, புகுந்துவிடும். கைத்தாளத்தை நிறுத்தாதீர்கள். முடிவில் அவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமரும் இடத்தில், உங்கள் கையும் சரியாக அங்கே வந்து விழும்.