வில்லும் நாணும் சைனும்

கணிதத் துறையில் சேரும் நம் கல்லூரி மாணவர்களிற் பலர் பள்ளியில் தமிழ் வழியிற் பயின்றவர்கள். வில், நாண், தொடுகோடு எல்லாம் அவர்களுக்குப் பழகிய சொற்கள். ஆனால் இங்கே ‘சைன்’, ‘டேன்ஜென்ட்’ என்று கேட்டதும் திகைத்து நிற்கின்றனர். “தமிழில் படித்ததெல்லாம் இனிப் பயன்படாது போலும்” என்று நண்பர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவருக்கு நான் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

கணிதக் குறிகளிற் சில தம் பொருளைத் தாமே காட்டிவிடும். ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவதில் சலிப்புற்ற இராபர்ட் ரெக்கார்டு, 1557-இல் இரண்டு இணைகோடுகளை இட்டார். அவற்றைவிடச் சமமான இரு பொருள்கள் இல்லை என்பது அவர் கூறிய காரணம். ‘சைன்’ அப்படிப்பட்டதன்று. அது வழியிலே தன் பொருளைத் தொலைத்துவிட்டு வந்த சொல்.

தாளில் ஒரு வட்டம் வரையுங்கள். பரிதியில் ஒரு பகுதியின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணையுங்கள். வளைந்தது வில்; நேரானது நாண். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குக் கோடிழுத்தால் அது தொடுத்த அம்பு. நம் நாட்டுப் பழைய வானநூலாரும் இப்படித்தான் கண்டனர். வடமொழியில் வில்லைச் ‘சாபம்’ என்றும், அம்பைச் ‘சரம்’ என்றும், நாணை ‘ஜ்யா’ அல்லது ‘ஜீவா’ என்றும் வழங்கினர்.

கிரேக்க மரபில் வந்த தாலமி முழு நாணின் நீளத்தை அட்டவணையாக்கினார். 499-இல் தோன்றிய ஆரியபட்டீயமோ பாதி நாணை எடுத்துக்கொண்டது. சிறு மாற்றந்தான், ஆனால் என்ன வசதி! பாதி நாண், ஆரம், மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாகிவிடுகின்றன. ஆரமே கர்ணம், பாதி நாணே எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுக்க வேண்டும் என்று நாம் மனப்பாடம் செய்யும் விதி இதுவன்றி வேறன்று. ‘அர்த்த ஜ்யா’, அதாவது அரை நாண், நாளடைவில் வெறும் ‘ஜ்யா’ ஆயிற்று.

ஆரியபட்டர் செங்கோணத்தை 24 கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் அரை நாண் எவ்வளவு வளர்கிறது என்பதை ஒரே சுலோகத்தில் அடக்கினார். முதல் எட்டு எண்கள் 225, 224, 222, 219, 215, 210, 205, 199. கூட்டிப் பாருங்கள், 1719 வரும். எட்டுக் கூறுகள் 30 பாகை. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாகக் கொண்டால் ஆரம் 3438. அதிற் சரிபாதி 1719. சைன் 30 பாகை ஒன்றின்கீழ் இரண்டு என்பது இதுதான்!

8-ஆம் நூற்றாண்டில் இந்திய வானநூல் பாக்தாத் நகரை அடைந்தது. அரபியர் ‘ஜீவா’வை ஒலிபெயர்த்து ‘ஜீபா’ என்றனர். அவர்கள் மொழியில் அதற்குப் பொருளில்லை. உயிர்க்குறிகளை இடாமல் எழுதுவது அவர்கள் வழக்கமாதலின், பின்வந்தோர் அதை ‘ஜைப்’ என்று படித்தனர். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, மார்பு. (நம் ஊர் ‘ஜேப்படி’த் திருடன் கைவைக்கும் ‘ஜேப்பு’, உருது வழியாக வந்த இதே ஜைப்தான்!) 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருள்படும் ‘சைனஸ்’ என்ற சொல்லை இட்டனர். நாண் மறைந்தது, மடிப்பு நின்றது. அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘சைன்’ ஆயிற்று. மூக்கடைப்புக்கு மருத்துவர் கூறும் சைனஸும் இதன் உடன்பிறப்பே.

மற்றவை இவ்வளவு அலையவில்லை. டென்மார்க்கு அறிஞர் தாமஸ் ஃபிங்கே 1583-இல் வழங்கிய ‘டேன்ஜென்ட்’, ‘சீகண்ட்’ என்பவற்றுக்குத் தொடுவது, வெட்டுவது என்றே இலத்தீனிற் பொருள். நமக்குத் தெரிந்த தொடுகோடும் வெட்டுக்கோடுமே அவை. ஆரம் ஒன்றாயுள்ள வட்டத்தில், வில்லின் ஒரு முனையில் தொடுகோடு வரைந்து, மையத்திலிருந்து மறுமுனை வழியே வட்டத்தை வெட்டிச் செல்லும் கோட்டை அதனோடு சேர்த்தால் இரண்டையும் கண்ணாற் காணலாம். ‘கோசைன்’ என்பதிலுள்ள ‘கோ’ நிரப்புக் கோணத்தைக் குறிப்பது. 1620-இல் எட்மண்டு குண்டர் ஆண்ட சுருக்கம் அது. 60 பாகையின் கோசைன் கேட்டால் 30 பாகையின் சைனை எழுதுங்கள். ஆரியபட்டர் கணக்கில் அது அதே 1719.