மலை மேல் மடிக்கணினி! எழுதி வைத்தது எங்கே?

சேலத்திலிருந்து புறப்படும் பஸ், அடிவாரம் தாண்டியதும் மூச்சு வாங்கி ஏறுகிறது. வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்! அதற்கு மேல் காப்பித் தோட்டங்கள், மரத்தைச் சுற்றிய மிளகுக் கொடிகள். இதுதான் சேர்வராயன் மலை. ஏற்காடு இருப்பது இதன் மேல்தான்.

2011-ம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு மாணவ மாணவிகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பட்டணத்துப் பிள்ளைக்கும் மலைக் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பெட்டி.

பெட்டிக்குள் கணினியை நடத்தும் நிரல்கள் இரண்டு இருந்தன. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ். மற்றொன்று பாஸ் லினக்ஸ். இது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. விலை கிடையாது. விவரம் தெரிந்த எவரும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். திரையில் தமிழும் வரும்.

பெட்டியைத் திறந்தவருக்கு மறுநாளே ஒரு கேள்வி எழும். "நேற்று எழுதி வைத்தேனே, அது எங்கே?"

கிடங்குக் கணக்குப்பிள்ளை

காப்பித் தோட்டத்துக் கிடங்கைப் பாருங்கள். தோலோடு காய்ந்த காப்பி ஒரு பக்கம். தோல் நீக்கிக் கழுவியது இன்னொரு பக்கம். மிளகு மூட்டை தனி. எது எங்கே என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டால் உடனே சொல்வார். கணினியிலும் இந்த வேலைக்கு ஓர் ஆள் உண்டு. அதன் பெயர் கோப்பு மேலாளர். கடிதம், படம், பாட்டு எல்லாம் கோப்புகள். கோப்புகளைப் போட்டு வைக்கும் பைக்குச் சிலர் 'அடைவு' என்றார்கள், சிலர் 'கோப்புறை' என்றார்கள். தமிழாக்கியவர்களுக்குள் அது ஒரு தனி வழக்கு!

லினக்ஸில் புகழ் பெற்ற கோப்பு மேலாளர் 'நாட்டிலஸ்'. அதை உருவாக்கிய அமெரிக்கக் கம்பெனி 2001-லேயே மூடப்பட்டது. ஆனால் நிரல் பொதுச் சொத்து. ஆகவே மற்றவர்கள் எடுத்து வளர்த்தார்கள். வளர்க்கும்போதுதான் சண்டை வந்தது.

ஜன்னலுக்கு மேல் ஜன்னல்

2004-ல் நாட்டிலஸுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஒரு பையைத் திறந்தால் ஒரு ஜன்னல். அதற்குள் உள்ள பைக்கு இன்னொரு ஜன்னல். பத்துப் பைகள் தாண்டி உள்ளே போனால் திரையில் பத்து ஜன்னல்கள்!

"மேஜையின் மேல் காகிதம் வைப்பது போல, ஒவ்வொன்றும் வைத்த இடத்திலேயே இருக்கும், புதியவருக்கு இதுவே சுலபம்" என்றது ஒரு கட்சி. "மேஜை நிறையக் குப்பை!" என்றது மறு கட்சி. ஆறு ஆண்டு வாக்குவாதம். 2010-ல் மறு கட்சி வென்றது. ஒரே ஜன்னலில் போய் வரும் முறை திரும்பியது.

2012-ல் அடுத்த சண்டை. 'எளிமை வேண்டும்' என்று சில வசதிகளை வெட்டினார்கள். திரையை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத்துக் கோப்பை வலப்பக்கம் இழுத்துப் போடும் வசதியும் போயிற்று. கோப்போடு பழகியவர்களுக்குக் கை ஒடிந்தது போல! 'லினக்ஸ் மின்ட்' குழுவினர் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. பழைய நாட்டிலஸையே பிரதி எடுத்து, 'நீமோ' என்று பெயரிட்டுத் தனிக் குடித்தனம் போனார்கள். நீமோவில் எஃப்-3 விசையைத் தட்டினால் திரை இரண்டாகும். விலை கொடுத்து வாங்கும் நிரலில் இப்படிப் பாகம் பிரிக்க முடியுமா?

பிடுங்காதே!

இத்தனை சண்டையிலும், மலையில் இருக்கும் பிள்ளைக்கு வேண்டிய விஷயம் வேறு. அதுதான் பென் டிரைவ்.

சேலத்துக் கல்லூரியில் படிக்கும் ஏற்காட்டுப் பெண் ஒருத்தி, இரவு விழித்துக் கட்டுரை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அதைப் பென் டிரைவில் போடுகிறாள். 'முடிந்தது' என்கிறது திரை. உடனே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். 30 கிலோமீட்டர் இறங்கிக் கல்லூரியில் செருகினால், கோப்பு பாதிதான் இருக்கிறது!

காரணம் இதுதான். வேலை வேகமாக நடக்கட்டும் என்று லினக்ஸ், கோப்பை முதலில் தன் நினைவில் வாங்கிக்கொள்ளும். பிறகு மெல்லப் பென் டிரைவில் எழுதும். திரை முந்திக்கொண்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடுவது உண்டு. இது வெகு நாளாக உள்ள குறை. வேகமா, பத்திரமா என்று நிரல் எழுதுவோர் வாதாடியும் இருக்கிறார்கள். புதியவர் கையில் கொடுக்கும் பெட்டியில் பத்திரம்தான் முதலில் இருக்க வேண்டும்.

அதுவரை கைவைத்தியம் ஒன்று உண்டு. இடப்பக்கப் பட்டியலில் பென் டிரைவ் பெயருக்கு அருகே மேல்நோக்கிய சிறு அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டுங்கள். 'இனி எடுக்கலாம்' என்று செய்தி வரும்வரை காத்திருங்கள். பெரிய கோப்பானால் ஒரு நிமிஷம் கூட ஆகலாம். வாசலில் பஸ் ஹாரன் அடிக்கும்போது அந்த ஒரு நிமிஷம் நீளமாகத்தான் இருக்கும்!