கடல்கடந்த சூதுக் கம்பனியும் நமது சேமிப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே காணி வாங்க விரும்பும் ஒருவர் முதலிற் செய்யுங் காரியம் யாது? உறுதியைக் கேட்டு வாங்கி, நொத்தாரிசு ஒருவரிடங் காட்டி, ஈடு ஏதேனும் உண்டோ, எல்லை எதுவரை, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் யார் யாருக்கு உரிமை உண்டு என்று விசாரித்தறிவதேயாகும். காணி விடயத்தில் இத்துணை விழிப்புள்ள நம்மவர் சிலர், கைத்தொலைபேசித் திரையிலே தோன்றும் வெளிநாட்டுப் பங்கொன்றை வாங்க நினைக்கும்போது அவ்வினாக்களை மறந்துவிடுகின்றனர். இன்றைய பேச்சிலே, இணையவழிச் சூதாட்டம் நடத்தும் கம்பனிகளின் பங்குகளை உதாரணமாகக் கொண்டு, அவ்வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கடல்கடந்த நாட்டிற் பொருளீட்டுதல் நமக்குப் புதிதன்று. முன்னாளில் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியோர் பலர். இந்நாளிலோ இலண்டனிலும் தொரன்ரோவிலும் வாழும் பிள்ளைகளும் மருமக்களும் அங்குள்ள பங்குச் சந்தைகளிலே சிறுகச் சிறுக முதலிடுகின்றனர். அவர்களுட் சிலர், “சூதாட்டக் கம்பனிகளுக்கு நட்டமே வாராது, நீங்களும் வாங்குங்கள்” என்று வீட்டிலுள்ள பெரியோருக்குச் சொல்லுவதும் உண்டு. அக்கூற்றில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று பிரித்தறிதல் வேண்டும்.

முதலில் உண்மையைக் கூறுவோம். ஐரோப்பிய முறையிலான ரூலெட் சக்கரத்திலே 37 குழிகள் உள்ளன. ஒருவர் ஒவ்வோர் எண்ணின் மீதும் ஒவ்வொரு ரூபாவாக 37 ரூபா கட்டுவாராயின், வெல்லும் எண்ணுக்குரிய 35 ரூபாவும், அதன்மேற் கட்டிய ஒரு ரூபாவுமாக 36 ரூபாவே அவர் கைக்குத் திரும்பும். எஞ்சிய ஒரு ரூபா சூது நடத்துபவனுக்கு உரியது. பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் இக்கணக்கு மாறாது. ஒரு நாளிலே சிலர் வெல்லலாம். ஆயினும், பல்லாயிரம் பேர் பன்முறை ஆடும்போது, கட்டிய பணத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 2.7 வீதம் நடத்துபவனிடமே தங்கும். இணையவழி ஆட்டத்துக்கு மண்டபமுந் தேவையில்லை. இரவு பகல் என்ற வேறுபாடும் இல்லை. பங்கு வாங்குபவர் ஆடுபவரின் பக்கத்தில் நிற்கவில்லை. நடத்துபவனின் பக்கத்திலேயே நிற்கின்றார்.

அங்ஙனமாயின், பங்காளருக்கு இலாபம் உறுதிதானோ எனின், அன்று. சக்கரத்தின் கணக்கு மாறாதது; அச்சக்கரம் சுழல இடங்கொடுக்கும் சட்டமோ மாறக்கூடியது. இத்தொழிலின் பேரிடர் சட்டத்திலேயே உள்ளது.

இதற்குத் தக்க சான்று பார்ட்டிகேமிங் என்னும் கம்பனியின் வரலாறாகும். ஜிப்ரால்ட்டரைத் தளமாகக் கொண்டு இணையவழியிற் சீட்டாட்டம் நடத்திய இக்கம்பனி, 2005 ஜூன் மாதத்தில் இலண்டன் பங்குச் சந்தையிற் பங்கொன்று 116 பென்ஸ் வீதம் விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் மதிப்பு 450 கோடிப் பவுணுக்கும் மேற்பட்டது. அவ்வாண்டிலேயே அது பிரித்தானியாவின் முதல் நூறு கம்பனிகளின் வரிசையிலும் இடம்பெற்றது. ஆயினும், அதன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஐக்கிய அமெரிக்காவின் ஆட்டக்காரரிடமிருந்து வந்தது. அங்கே அத்தொழிலின் சட்டநிலை ஐயத்துக்குரியதாகவே இருந்தது. பங்கு வெளியீட்டு அறிக்கையே இதனை எச்சரித்திருந்தது. 2006 செப்டெம்பர் இறுதியில் அமெரிக்கக் காங்கிரஸ், இணையவழிச் சூதுக்கு வங்கிகள் மூலம் பணஞ் செலுத்துவதைத் தடுக்குஞ் சட்டத்தை நிறைவேற்றியது. ஒக்டோபர் 2ஆந் திகதி சந்தை திறந்ததும், ஒரே நாளில் அப்பங்கின் விலை பாதிக்கு மேல் வீழ்ந்தது. அக்கம்பனியை நிறுவியோருள் ஒருவராகிய, இந்தியாவைச் சேர்ந்த அனுராக் தீக்ஷித், 2008 டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டொலர் செலுத்த உடன்பட்டார். அறிக்கையைப் படியாது, விலையேற்றத்தை மாத்திரம் பார்த்து வாங்கிய சிறு முதலீட்டாளர், இரவு உறங்கி விடிவதற்குள் தம் முதலிற் பாதியை இழந்தனர்.

இது பழங்கதையென்று தள்ளிவிடலாகாது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுக்களைத் தடைசெய்யுஞ் சட்டத்தைச் சில நாள்களுக்குள் நிறைவேற்றியது. அத்தகைய சீட்டாட்டத் தளமொன்றிற் பங்கு வைத்திருந்த நசாரா கம்பனியின் பங்குவிலை உடனே சரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானிய அரசாங்கம், இணையவழிக் கசினோ ஆட்டங்கள் மீதான வரியை 2026 ஏப்ரல் முதல் 21 வீதத்திலிருந்து 40 வீதமாக உயர்த்துவதாக அறிவித்தது. மறுபுறத்தில், 2018 மே மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயங்களுக்கு எதிரான மத்திய சட்டமொன்றைச் செல்லாதாக்கியதனால், அந்நாட்டிற் கால்பதித்த கம்பனிகள் பெருவளர்ச்சி பெற்றதும் உண்மையே. கொடுப்பதும் சட்டம், எடுப்பதும் சட்டம். வாஷிங்டனிலும் புதுதில்லியிலும் நாளை எழுதப்படப்போகும் சட்டத்தைச் சுன்னாகத்திலிருந்து ஒருவர் முன்னறிதல் எளிதன்று.

இனி, நமது நாட்டின் சட்டத்தைப் பார்ப்போம். 1953ஆம் ஆண்டின் நாணயக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, இலங்கையில் வதிபவர் வெளிநாட்டிலே முதலிடுவதற்கு வங்கியில் அதற்கென ஒரு முதலீட்டுக் கணக்கைத் திறந்து, அதன் வாயிலாகவே பணம் அனுப்புதல் வேண்டும். 2020 ஏப்ரலில், நாட்டின் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு, இத்தகைய முதலீடுகளுட் பெரும்பாலானவை உத்தரவின் மூலம் இடைநிறுத்தப்பட்டன. அவ்வுத்தரவு பின்னர்ப் பன்முறை நீடிக்கப்பட்டும், சிற்சில வகைகளிற் தளர்த்தப்பட்டும் வந்திருக்கின்றது. ஆதலால், ஒரு சதமேனும் அனுப்புவதற்கு முன்னர், அன்றைய விதி யாதென்று வங்கியிடம் நேரிற் கேட்டறிதல் இன்றியமையாதது.

“வங்கி வேண்டாம், உண்டியல் மூலம் அனுப்பிவிடுங்கள், நான் என் பெயரில் வாங்கி வைக்கின்றேன்” என்று உறவினர் ஒருவர் சொல்லலாம். அவர் நல்லெண்ணத்தோடே சொல்லுகின்றார் என்பதில் ஐயமில்லை. ஆயினும், காணி வாங்கும்போது கேட்கும் வினாவை இங்கேயுங் கேளுங்கள்: உறுதி யார் பெயரில்? பங்கு அவர் பெயரிலாயின், சட்டத்தின் கண்ணுக்கு அது அவருடையதே. அவருக்கு ஏதேனும் நேர்ந்தால், அது அவருடைய வாரிசுகளைச் சேரும். அவர் கடன்பட்டால் கடன்காரரைச் சேரும். உங்கள் ஓய்வூதியப் பணம் உங்களுடையதென்று காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இராது. வங்கியைத் தவிர்த்து அனுப்பிய காரணத்தினால், வழக்காடவும் வழியிராது. பணத்தோடு உறவும் முறிவது இப்படியேயாம்.

பங்கு வேறு, பங்கு போன்ற வேடம் வேறு. ஒரு செயலியிலே பணம் போட்டால் நாள்தோறும் இத்தனை வீதம் வரும் என்றும், மேலும் இருவரைச் சேர்த்தால் இன்னும் வரும் என்றும் ஒருவர் கூறுவாராயின், அது பங்கன்று. உண்மையான பங்குக்கு நிச்சய வட்டி இல்லை, ஆட்சேர்ப்பும் இல்லை. அதற்கு அறியப்பட்ட சந்தையும், கணக்காய்வு செய்யப்பட்ட ஆண்டறிக்கையும், உரிமம் பெற்ற தரகரும் உண்டு. பின்வருவோர் இட்ட பணத்தை முன்வந்தோருக்குக் கொடுக்குங் கூம்புத் திட்டங்கள் இலங்கையின் வங்கித்தொழிற் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை என்பதனையும் நினைவிற் கொள்க.

நாணய மதிப்பையும் மறத்தலாகாது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதமளவில் ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. டொலரிற் பொருள் வைத்திருந்தோர் அன்று மகிழ்ந்தனர். ஆயினும், ரூபா மீளும்போது அதே கணக்குத் தலைகீழாகும். பங்கின் விலை அசையாதிருப்பினும் நட்டம் நேரலாம்.

இறுதியாக, அறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருக்குறளிலே 94ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. அது கள்ளுண்ணாமைக்கு அடுத்து வைக்கப்பட்டிருத்தல் சிந்திக்கத்தக்கது. ரூலெட் சக்கரத்தில் எஞ்சிய அந்த ஒரு ரூபா வானிலிருந்து விழுந்ததன்று. தோற்றவன் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. இலங்கையிலும் 1889ஆம் ஆண்டு முதலே சூதாட்டத்துக்கெதிரான கட்டளைச் சட்டம் இருந்துவந்தது. 2025இல், இணையவழிச் சூதையும் உள்ளடக்கிச் சூதாட்டத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையொன்றை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் அனுமதிப்பது அனைத்தும் நம் மனத்துக்கு உகந்ததாகிவிடாது. அதனை அவரவரே தீர்மானித்தல் வேண்டும்.

பங்குமுதலீட்டை அறிய விரும்புவோர், கொழும்புப் பங்குச் சந்தையின் யாழ்ப்பாணக் கிளையை நாடித் தொடங்கலாம். அங்கே மத்திய வைப்பகக் கணக்கிலே பங்கு உங்கள் பெயரிலேயே பதியப்படும். குறையிருப்பின், முறையிடுவதற்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவும் உண்டு. அங்கும் நட்டம் வரலாம். ஆயினும், உறுதி யார் பெயரில், எல்லை எங்கே, வழக்கு எந்த மன்றில் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்த இடம் அது. அவ்விடை தெரியாத இடத்திலே, மகளின் சீதனத்தையும் மகனின் படிப்புச் செலவையும் முதுமைக்கு வைத்த பணத்தையும் கொண்டுபோய் இடாதிருப்பதே நன்று.