அட்டையிலுள்ள பால்: சத்யஸ்ரீ சர்மிளா காத்திருந்த 11 ஆண்டுகள்

அடையாள அட்டை இல்லாமல் படலையைத் தாண்ட முடியாத காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். சோதனைச்சாவடியில் அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் அந்தச் சில வினாடிகளை யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. திருநருக்கு அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை. வங்கி, வைத்தியசாலை, வேலைக்கான நேர்முகம் என்று இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

எங்கள் அட்டையில் பால் தனியாகக் குறிக்கப்படுவதோடு, அட்டை இலக்கத்துக்குள்ளும் அது இருக்கிறது. பிறந்த நாளைக் காட்டும் 3 இலக்கங்களோடு பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஆகவே பெயரை மட்டும் மாற்றிக்கொண்ட ஒரு திருநங்கையை அந்த இலக்கமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த இடத்தில் சத்யஸ்ரீ சர்மிளாவின் வாழ்க்கையை நினைக்கிறேன். தமிழ்நாட்டின் பரமக்குடியைச் சேர்ந்த திருநங்கை அவர். ஏளனம் தாங்காமல் இளவயதிலேயே வீட்டை விட்டு வெளியேறியவர். தன் சமூகத்தார் படும் கொடுமைகளைக் கண்டே சட்டம் படித்தார். 2007இல் படிப்பு முடிந்தது. ஆனால் சட்டத்தரணியாகப் பதிவுசெய்தது 2018 ஜூன் 30 அன்றுதான். இடைப்பட்ட ஆண்டுகளில், 2014 ஏப்ரல் 15 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அதன் பின்னரே அவர் திருநங்கையாகவே பதிவு செய்து, இந்தியாவின் முதல் திருநங்கைச் சட்டத்தரணி ஆனார்.

இலங்கையில் கதவு வேறு விதமாகத் திறந்தது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் பாலின அங்கீகாரச் சான்றிதழை அறிமுகப்படுத்தியது. உளநல மருத்துவ நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பின் கிடைக்கும் அந்தச் சான்றிதழைக் கொண்டு முதலில் பிறப்புச் சான்றிதழையும், பிறகு அடையாள அட்டையையும் திருத்தலாம். இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் தெரிவு ஆண், பெண் என்ற இரண்டுதான். அதற்கும் மருத்துவரின் கையொப்பம் வேண்டும்.

இன்னொரு பக்கம் பழைய சட்டங்கள் அப்படியே இருக்கின்றன. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும் திருநருக்கு எதிராகப் பொலிஸாரால் பயன்படுத்தப்பட்டுள்ளன. தன் தோற்றத்தில் நடமாடுவதே ஏமாற்று என்று கொள்ளப்பட்டால், சான்றிதழ் கிடைக்கும்வரை அவர் எப்படி வெளியே வருவது?

சுற்றுநிருபத்தால் வந்த உரிமையை இன்னொரு சுற்றுநிருபம் எடுத்துவிடலாம். பாராளுமன்றம் இயற்றும் சட்டத்தை அவ்வளவு எளிதில் எடுக்க முடியாது. அந்தச் சட்டத்தைக் கேட்டு வாதாட, அதன் தேவையை உடலால் அறிந்தவர்களும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. அங்கு ஒரு திருநங்கை அச்சமின்றிப் படித்து, தன் பெயரிலேயே சட்டத்தரணியாக வெளியேற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது சட்டத்தை மட்டுமல்ல, எங்கள் வீடுகளையும் பாடசாலைகளையும் பொறுத்தது.