கோட்டை கட்டக் கூடாது!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

வேதியியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பள்ளியில் படித்த ஒரு பாடந்தான் காரணம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் மீது 1919-ல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை சுமத்தப்பட்டது. படையில் 1,00,000 பேருக்கு மேல் கூடாது, ரைன் கரையில் அரண் கூடாது என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்கினோம். அதே போன்ற நிபந்தனைகள் நம் புதுவையின் மீதும் விதிக்கப்பட்டன என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

1761 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் முற்றுகையைத் தாங்க முடியாமல் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்தார். புதுவைக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. இன்று பாரதி பூங்காவில் அமர்ந்து கடலை கொறிக்கிறோமே, அங்கேதான் அந்தக் கோட்டை நின்றது. 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை ஊரைப் பிரெஞ்சுக்காரருக்குத் திருப்பித் தந்தது. சும்மா தரவில்லை. 1749-ன் தொடக்கத்தில் இருந்தது மட்டுமே அவர்களுக்கு. பிறகு டூப்ளே சேர்த்ததையெல்லாம் விட்டுவிட வேண்டும். வங்காளத்தில் கோட்டையோ படையோ கூடாது. ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலியையே கர்நாடக நவாபாக ஏற்க வேண்டும்.

1778-ல் புதுவை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர் பக்கம் நின்ற பிரான்சு வெற்றி கண்டது. அதன் விளைவு 1783 செப்டம்பர் 3-ல் வெர்சேல்ஸில் கையெழுத்தான உடன்படிக்கை. புதுவையும் காரைக்காலும் திரும்பக் கிடைத்ததோடு, புதுவையைச் சுற்றி வில்லியனூர், பாகூர் என்னும் இரு பகுதிகளையும் பிரான்சுக்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் ஒப்புக்கொண்டார். எங்கோ அமெரிக்காவில் வெடித்த பீரங்கியால் எங்கள் ஊர் ஏரியும் வயலும் கைமாறின! உழுதுகொண்டிருந்த எங்கள் முன்னோரை யார் கேட்டார்கள்?

1793-ல் ஒருமுறை, 1803-ல் மறுமுறை புதுவையை ஆங்கிலேயர் பிடித்தனர். நெப்போலியன் வீழ்ந்தபின் 1814-ல் பாரிஸில் மற்றோர் உடன்படிக்கை. கடுமையானது இதுதான். இந்தியாவில் பிரான்சுக்குத் திருப்பித் தரும் இடங்களில் கோட்டை கட்டவே கூடாது. ஊர்க்காவலுக்குத் தேவையான சிப்பாய்களுக்கு மேல் வைக்கவும் கூடாது. 1816-ல் புதுவை திரும்பக் கிடைத்தபோது அது பல் பிடுங்கிய பாம்பாகவே கிடைத்தது.

அடுத்தது உப்பு. (இங்கேயாவது வேதியியல் வந்ததே!) சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு, கம்பெனியாரின் ஏகபோகம். பக்கத்திலேயே பிரெஞ்சு உப்பு மலிவாக விற்றால் அது நிலைக்குமா? எனவே 1815-ல் ஓர் ஒப்பந்தம்: பிரெஞ்சு எல்லையில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மற்றதை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கே, பதிலுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818-ல் இக்கரையோரப் பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பதே நிறுத்தப்பட்டது. உப்பள உரிமையாளர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன். பாத்தியில் கால் வெந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதே என் கவலை. படையில்லாதவன் பேரம் பேசினால் இப்படித்தான் முடியும் போலும்.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் அது சட்டப்படி நிறைவுற்றது. கோட்டைத் தடையும் உப்புத் தடையும் பழங்கதையாயின. எல்லை மட்டும் போகவில்லை. இன்றும் பாகூரிலிருந்து புதுவைக்கு வரும் பேருந்து தமிழ்நாட்டு மண்ணைக் கடந்துதான் வர வேண்டும்.

என் அத்தை வீடு எங்கள் வயலிலிருந்து கூப்பிடு தூரம். வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். அத்தை மகனும் நானும் ஒரே வயது. இருவர் வீட்டிலும் எங்களுக்கு முன் கல்லூரி வாசலை மிதித்தவர் எவருமில்லை. விண்ணப்பம் போடும்போது என் கையில் புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழ், அவன் கையில் தமிழ்நாட்டுச் சான்றிதழ். காலையில் நான் வடக்கே போகும் பேருந்தில் ஏறுகிறேன். அவன் கடலூர்ப் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் நிற்கிறான்.