சீனப் பேரரசின் அரசுத் தேர்வு: பெயரை மறைத்தும் சமவாய்ப்பு கிடைத்ததா?

1397-ம் ஆண்டு. சீனாவின் அன்றைய தலைநகர் நான்ஜிங்கில் உயர் அதிகாரிகளுக்கான தேர்வு முடிவு வெளியானது. தேறியவர்கள் 50 பேருக்கு மேல். அத்தனை பேரும் தென் சீனாவைச் சேர்ந்தவர்கள். வடக்கிலிருந்து ஒருத்தர்கூட இல்லை.

வடபகுதி மாணவர்கள் கொதித்தார்கள். முறைகேடு என்று புகார் போனது. மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ, ஜாங் ஷின் உள்ளிட்ட அறிஞர்களை அழைத்து விடைத்தாள்களை மறுபடி பார்க்கச் சொன்னார். அவர்களும் பார்த்துவிட்டு, முடிவில் தவறில்லை என்றே சொன்னார்கள். கோபமடைந்த பேரரசர் ஜாங் ஷின் உள்ளிட்டோருக்கு மரண தண்டனை விதித்தார். 80 வயதைக் கடந்த தலைமைத் தேர்வாளர் லியூ சான்வூ எல்லைப் பகுதிக்கு விரட்டப்பட்டார். அடுத்து வந்த புதிய பட்டியலில் 61 பேர். இந்த முறை எல்லோருமே வடக்கத்தியர்கள்!

சரி, முறைகேடே நடக்கவில்லை என்றால் நாட்டின் ஒரு பகுதி மட்டும் எப்படி மொத்தமாகத் தோற்கும்?

அது என்ன தேர்வு?

சூய் வம்சக் காலத்தில், சுமார் கி.பி. 605-ல் தொடங்கிய இந்தத் தேர்வு முறை 1905 வரை, சில இடைவெளிகளுடன் 1,300 ஆண்டுகள் நீடித்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல், படித்துத் தேறியவருக்குப் பதவி தர வேண்டும் என்பதே அடிப்படை. பாடத்திட்டம் கன்ஃபூசியஸ் மரபு நூல்கள். அறம் கற்றவரே நல்லாட்சி தருவார் என்று நம்பினார்கள்.

மிங், சிங் வம்சக் காலங்களில் இது மூன்று படிகளாக நடந்தது: உள்ளூர், மாகாணம், தலைநகர். மேல் இரண்டு படிகளும் 3 ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியில் பேரரசர் பெயரில் நடக்கும் அரண்மனைத் தேர்வு தரவரிசையை முடிவு செய்யும். இறுதிவரை தேறியவருக்கு 'ஜின்ஷி' பட்டம். ஐந்து நூற்றாண்டுக்கும் மேலான இந்தக் காலத்தில் ஜின்ஷி ஆனவர்கள் சுமார் 51,000 பேர்தான்.

சிபாரிசை எப்படித் தடுத்தார்கள்?

சோங் வம்சக் காலத்திலேயே விடைத்தாளில் பெயரை மறைக்கும் வழக்கம் வந்துவிட்டது. கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காணக்கூடாது என்பதற்காக, எழுத்தர்களைக் கொண்டு விடைகளைப் படியெடுத்து, அந்தப் பிரதியைத்தான் திருத்தினார்கள். தேர்வு அறை என்பது ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய சின்னத் தடுப்பு. அங்கேயே எழுதி, சாப்பிட்டு, தூங்க வேண்டும். நான்ஜிங் தேர்வு வளாகத்தில் 19-ம் நூற்றாண்டில் இப்படி 20,000-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன.

அப்போ தெற்கு மட்டும் ஏன் ஜெயித்தது?

மனப்பாடம் செய்ய வேண்டிய மூல நூல்களில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். அதற்கு மேல் உரைகள், வரலாறு, கட்டுரைப் பயிற்சி. இதற்கு ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், சம்பாதிக்காமல் ஒரு மகன் பல ஆண்டு படிப்பதைத் தாங்கும் குடும்பம் வேண்டும். யாங்சி ஆற்றுப் படுகையில் விளைச்சலும் வணிகமும் அச்சகங்களும் செழித்திருந்தன. வடக்கோ பல தலைமுறைப் போர்களில் நொறுங்கியிருந்தது. திருத்தியவர்கள் நேர்மையாகவே திருத்தியிருந்தாலும் இந்த இடைவெளி அப்படியே மதிப்பெண்ணில் தெரிந்திருக்கும்.

அடுத்து வந்த பேரரசர்கள் தண்டனைக்குப் பதிலாக ஒதுக்கீட்டைக் கையில் எடுத்தார்கள். 1427-ல் நடைமுறைக்கு வந்த கணக்கு இது: 100 இடங்களில் தெற்குக்கு 55, வடக்குக்கு 35, சிச்சுவான், யுன்னான் போன்ற பகுதிகளுக்கு 10. பெயர் மறைந்தே இருக்கும். எந்தப் பகுதி என்பது மட்டும் தாளில் குறிக்கப்படும். நடுவில் சில ஆண்டுகள் கைவிடப்பட்டாலும் இது மீண்டும் வந்தது. 1712 முதல் சிங் வம்சம் மாகாணவாரியாகவே இடங்களைப் பிரித்தது.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் வந்தார்களா?

வரலாற்றாய்வாளர் பிங்-டி ஹோ 12,000-க்கும் மேற்பட்ட ஜின்ஷிகளின் குடும்ப விவரங்களை ஆராய்ந்து 1962-ல் நூலாக வெளியிட்டார். முந்தைய மூன்று தலைமுறையில் யாருமே பட்டம் பெறாத குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் மிங் காலத்தில் சுமார் 47 சதவீதம். சிங் காலத்தில் அது சுமார் 19 சதவீதமாகச் சரிந்தது.

இந்த எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹோ பார்த்தது அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்ற நேர்வழியை மட்டும்தான். பெரியப்பாவோ தாய்மாமனோ அதிகாரியாக இருந்து படிக்கவைத்திருந்தால் அது கணக்கில் வராது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தவிர, பெண்கள் இந்தத் தேர்வை எழுதவே முடியாது. நடிகர்கள், அடிமைகள் போன்ற 'இழிந்தோர்' எனப்பட்ட குடும்பங்களின் ஆண்களுக்கும் அனுமதி இல்லை.

இந்தியாவில் என்ன நடந்தது?

இந்திய சிவில் சர்வீஸுக்கான போட்டித் தேர்வு 1855-ல் தொடங்கியது. போட்டித் தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்று பிரிட்டனில் நடந்த விவாதங்களில் சீனாவின் பெயரும் அடிபட்டது. வினாத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 1922 வரை தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் செலவுக்கு வழியில்லாத இந்திய மாணவர் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் அந்த வினாத்தாளைப் பார்த்திருக்கவே முடியாது. இந்தியாவிலும் தேர்வை நடத்துங்கள் என்று காங்கிரஸ் 1885-ல் தன் முதல் மாநாட்டிலேயே கேட்டது.

அடுத்த முறை ஒரு தேர்வு முடிவைப் பார்த்து 'இதுதான் தகுதி' என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டியவை இரண்டு: தாளை நேர்மையாகத் திருத்தினார்களா? அந்த அறை வரைக்கும் யாரெல்லாம் வர முடிந்தது? நான்ஜிங்கில் 1397-ல் முதல் கேள்வியை மட்டும் கேட்டு ஆட்களைக் கொன்றார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் தேட மேலும் 30 ஆண்டுகள் ஆனது.